ஓவனுக்குள் அப்பளக் கட்டு

உங்கள் வீட்டுச் சமையலறையில் சுவரலமாரியோடு பதித்த ஓவன் இருக்கிறதா? இருந்தால், மேலே படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். எழுந்து போய் அதன் கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு தட்டும் ஒரு கம்பி வலையும் மட்டும் இருந்தால் உங்களுக்கு என் நமஸ்காரம். தோசைக்கல், இரண்டு வாணலி, போன தீபாவளிக்கு யாரோ கொடுத்த ஸ்வீட் பெட்டி, எறும்புக்குப் பயந்து வைத்த சர்க்கரை டப்பா என்று வரிசையாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். நீங்களும் என் கட்சிதான்.

புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் 'மாடுலர் கிச்சன்' போடும்போது, இருக்கட்டுமே என்று ஓர் ஓவனையும் சேர்த்துப் பதித்துவிடுகிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வருகிற அத்தனை பேரும் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டு, "பிரமாதம்!" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். முதல் மாதம் இரண்டு கேக். அடுத்த மாதம் பிஸ்கட் ஒரு தட்டு. மூன்றாம் மாதம் அது அலமாரியாகிவிடுகிறது.

(எழுதுவதில் எனக்கு ஒரு சங்கடம். இங்கிலீஷ் உச்சரிப்பை அப்படியே பிடித்து எழுதினால் இதை 'அவன்' என்று எழுத வேண்டும். 'அவனை வாரம் ஒரு முறை நன்றாகத் துடைக்கவும். அவன் சூடாக இருக்கும்போது கிட்டே போகாதீர்கள்' என்றெல்லாம் நான் எழுதினால், வருகிற கடிதங்களுக்கு ஆசிரியர் பதில் சொல்லி மாளாது. ஆகையால் 'ஓவன்' என்றே வைத்துக்கொள்வோம்.)

என் கதையைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஜூலை மாதம் என் பெண்ணுக்கு ஏழாவது பிறந்த நாள். கடையில் கேக் வாங்கக் கூடாது, நானே செய்வேன் என்று வீம்பு பிடித்தேன். பொத்தானைத் திருகி 180 டிகிரியில் வைத்துவிட்டு, ஓவன் சூடேறுவதற்குள் முட்டையை அடித்துவிடலாம் என்று கூடத்துக்குப் போனேன். முதல் நாள் மாலை என் மாமியார் இரண்டு அப்பளக் கட்டையும் ஒரு பிளாஸ்டிக் டப்பா வடாமையும் அதற்குள் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இட்லித் தட்டை உள்ளே வைத்து அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவளே நான்தான்.

பத்து நிமிஷத்தில் ஒரு நாற்றம். அடுப்பங்கரைக்கு ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னால் புகை சுருண்டுகொண்டிருந்தது. மேல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த அப்பளப் பொட்டலம் பற்றிக்கொண்டுவிட்டது. இந்த இடத்தில் யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? நானும் அதைத்தான் செய்தேன். கதவைத் திறந்தேன்.

அதைப் போன்ற முட்டாள்தனம் வேறு இல்லை. மூடிய பெட்டிக்குள் காற்றில்லாமல் திணறிக்கொண்டிருந்த நெருப்புக்கு நானே காற்றைக் கொடுத்தேன். ஒரு நாக்கு வெளியே நீண்டு என் வலது முழங்கைக்குக் கீழே நக்கிவிட்டுப் போயிற்று. பஞ்சாபி உடையின் நைலான் துப்பட்டாவை அன்று நான் போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருந்தால் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருப்பேனா என்பது சந்தேகம்.

ஆகவே முதல் பாடத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஓவனுக்குள் தீப் பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். சுவரிலுள்ள சுவிட்சை அணையுங்கள். கதவு மூடியே இருக்கட்டும். காற்றில்லாமல் நெருப்பு தானே அடங்கிவிடும். புகை முழுவதும் தணிந்து, பெட்டி ஆறிய பிறகு திறக்கலாம். தண்ணீரை மட்டும் கொட்டிவிடாதீர்கள். அடங்காமல் நெருப்பு வெளியே பரவுகிறதென்றால், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள்.

சுவிட்சை அணையுங்கள் என்று சொன்னேனே, அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பல வீடுகளில் தச்சர் அழகுக்காக அதை ஓவனுக்குப் பின்னாலேயே வைத்து மறைத்துவிடுகிறார். ஆபத்து வேளையில் ஓவனை இழுத்துவிட்டா அணைக்க முடியும்? மேடைக்கு மேலே, கை எட்டுகிற இடத்தில், ஆனால் ஓவனுக்கு நேர் மேலே இல்லாமல் ஒரு பக்கமாக அதை மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலை.

கையில் பட்ட தீக்காயத்துக்கு வருவோம். என் மாமியார் பதறிப்போய் இட்லி மாவுப் பாத்திரத்தோடு ஓடி வந்தார். "கையை நீட்டும்மா, குளிர்ச்சியா இருக்கும்" என்றார். எங்கள் வீட்டுக்காரர் நல்ல வேளையாக என் கையைப் பிடித்து இழுத்துக் குழாய்க்கு அடியில் வைத்து, விடாமல் பிடித்துக்கொண்டார். இருபது நிமிஷம். அப்புறம் பார்த்த டாக்டர், "இந்த இருபது நிமிஷம் செய்த நன்மையை எந்தக் களிம்பும் செய்யாது" என்றார். மாவு, பற்பசை, வெண்ணெய், பேனா மை, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். ஓடுகிற சாதாரணத் தண்ணீர் போதும். வளையலையும் மோதிரத்தையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். பிறகு சுத்தமான, ஒட்டாத துணியை மேலே லேசாகப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போகலாம். உள்ளங்கையளவுக்கு மேல் வெந்திருந்தாலோ, முகத்திலோ விரல்களிலோ பட்டிருந்தாலோ, குழந்தைக்குப் பட்டிருந்தாலோ தாமதம் கூடாது.

பிறந்த நாளுக்குக் கடைக் கேக்தான் வந்தது.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்த ஓவனை நாங்கள் யாரும் தொடவில்லை. அலமாரியாகவும் இல்லை, அடுப்பாகவும் இல்லை, சும்மா நின்றது. நடுவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வேறு. டிசம்பர் கடைசியில், பள்ளி விடுமுறையில் பெண் நச்சரிக்கவே, துணிச்சலாகத் திருகினேன். டப் என்று வீடு முழுவதும் இருட்டாகிவிட்டது!

பேய் பிடித்த ஓவன் என்று என் மாமியார் தீர்மானித்துவிட்டார். எலெக்ட்ரீஷியன் வந்து சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் உபயோகமாக இருந்தது. உங்களுக்கும் சொல்கிறேன். ஓவனின் சூட்டுக் கம்பி என்று நாம் பார்ப்பது உண்மையில் ஓர் உலோகக் குழாய். அதன் நடுவே மெல்லிய கம்பி ஒன்று போகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடாமலிருக்க இடையில் மக்னீஷியம் ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடியை இறுக அடைத்திருக்கிறார்கள். அந்தப் பொடிக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. அடிக்கடி சூடாகிக்கொண்டிருந்தால் ஈரம் சேராது. மாதக் கணக்கில் மழைக்கால ஈரக் காற்றில் சும்மா கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவிடும். பிறகு மின்சாரம் பொடி வழியாக வெளிக் குழாய்க்குக் கசிகிறது. அந்தக் கசிவைக் கண்டுபிடித்துத்தான், பலகையிலுள்ள ஆர்.சி.சி.பி. என்ற சிறிய சாதனம் வீட்டு மின்சாரத்தையே துண்டித்துவிட்டது. வீடுகளில் வழக்கமாக வைப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் துண்டித்துவிடும்.

அது துண்டித்ததால்தான் என் பெண்ணோ நானோ கதவைத் தொட்டபோது ஒன்றும் ஆகவில்லை. 'இந்தத் தொந்தரவு எதற்கு, அதைத் தாண்டி நேராக இணைத்துத் தந்துவிடுகிறேன்' என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்கள். எங்கள் ஓவனில் மேல் கம்பியை மாற்ற வேண்டி வந்தது. மாதம் ஒரு முறையாவது அரை மணி நேரம் சூடேற்றியிருந்தால் அந்தச் செலவு மிச்சம். கேக் செய்ய நேரமில்லையென்றால் வேர்க்கடலையையாவது வறுத்துக்கொள்ளுங்கள். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி 160 டிகிரியில் வைத்து, நடுவில் ஒரு முறை கிளறிவிட்டால் சுமார் இருபது நிமிஷத்தில் ஒரே நிறமாக வறுபடும். நின்றுகொண்டு வாணலியைக் கிளறுகிற வேலை இல்லை.

மின்சார சமாசாரத்தை முடித்துவிடுகிறேன். இந்த ஓவன்கள் பெரும்பாலும் இரண்டரையிலிருந்து மூன்றரை கிலோவாட் வரை இழுக்கும். மிக்ஸி, டோஸ்டர் மாட்டுகிற சின்ன பிளக்குக்கு இது தாங்காது. பலகையிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பிளக் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. இன்வெர்ட்டர் லைனிலும் இதைச் சேர்க்கக் கூடாது. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இந்தப் பாரத்தைச் சுமக்காது. கேக் பாதி வெந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் கதவைத் திறக்காமல் காத்திருங்கள். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டால் பிழைத்தது. வராவிட்டால் பிறகு அதைப் பால் ஊற்றிப் புட்டிங்காக மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். 'மீட்டர் ஓடுமே' என்று கவலைப்படுகிறவர்களுக்கு: சூடேறியதும் தெர்மோஸ்டாட் கம்பியை அணைத்து அணைத்துப் போடும். ஆகையால் ஒரு மணி நேரம் உபயோகித்தாலும் சுமார் ஒரு யூனிட், மிஞ்சினால் ஒன்றரை யூனிட்தான் ஆகும்.

அந்தத் தெர்மோஸ்டாட் இல்லாத காலத்தை நினைத்தால் நம் பாட்டிமாரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் காஸ் அடுப்புக்கு 'ரெகுலோ' என்ற உஷ்ணக் கட்டுப்பாடு 1923-ஆம் வருஷம்தான் வந்தது. அதற்கு முன் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் ஓவனுக்குள் கையை நீட்டி எத்தனை எண்ணும் வரை பொறுக்க முடிகிறது என்று பார்ப்பார்களாம். அல்லது ஒரு காகிதத்தை வைத்து அது எந்த நிறத்துக்குக் கருகுகிறது என்று பார்ப்பார்களாம். நம் ஊரிலோ, கனத்த பாத்திரத்தில் மணலைப் பரப்பி, அதற்குள் கேக் கிண்ணத்தை இறக்கி, மூடியின் மேல் தணலை அள்ளிக் கொட்டிவிடுவார்கள். கீழேயும் சூடு, மேலேயும் சூடு. தத்துவம் அதேதான்.

உங்கள் ஓவனில் மேல் கம்பி, கீழ்க் கம்பி, பின்னால் விசிறி என்று மூன்று இருக்கும். விசிறி ஓடினால் சூடு எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போகும்; அப்போது சமையல் குறிப்பில் சொல்லியிருப்பதைவிட 20 டிகிரி குறைத்து வையுங்கள். பெரிய தவறு எல்லாரும் செய்வது, சூடேறுவதற்கு முன்பே மாவை உள்ளே வைப்பது. பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுங்கள். அடுத்த தவறு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து எட்டிப் பார்ப்பது. முக்கால் பங்கு நேரம் ஆகும் வரை கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு திருப்திப்பட வேண்டும். பொத்தானில் 180 என்றிருந்தாலும் உள்ளே பத்து இருபது டிகிரி கூடக்குறைய இருப்பது சகஜம். கேக் தொடர்ந்து கருகினாலோ வேகாமல் போனாலோ, வலையில் தொங்கவிடுகிற சின்ன உஷ்ணமானி ஒன்று வாங்கிப் பாருங்கள். உங்கள் கைப்பக்குவத்தின் மேல் பழி போடுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் அது.

இன்னொரு குழப்பம். 'மைக்ரோவேவுக்கு ஏற்றது' என்று அடியில் எழுதியிருக்கிற பிளாஸ்டிக் பாத்திரத்தை ஓவனில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு, இது வேறு. அங்கே கூடாத இரும்புத் தட்டு இங்கே உசிதம். அங்கே ஏற்ற பிளாஸ்டிக் இங்கே உருகி வழியும்.

புதிதாக வாங்கியவர்கள், முதல் தடவை எதுவும் வைக்காமல் உச்ச உஷ்ணத்தில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். தொழிற்சாலை எண்ணெய்ப் பூச்சு எரிந்து நாற்றம் வரும், பயப்பட வேண்டாம். வீட்டில் கிளியோ காதல் பறவைகளோ வளர்த்தால் கூண்டை வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சூடான பூச்சுகளின் புகை நமக்குத் தும்மலோடு போகும். பறவைகளின் நுரையீரல் தாங்காது. வேலை முடிந்து பொத்தானை அணைத்த பிறகும் ஒரு விசிறி கொஞ்ச நேரம் ஓடும் சத்தம் கேட்கும். அது தன் சூட்டைத் தானே ஆற்றிக்கொள்கிறது. அவசரப்பட்டுச் சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள். அலமாரிக்குப் பின்னால் காற்றுப் போக விட்டிருக்கும் இடைவெளியையும் சாமான் வைத்து அடைக்கக் கூடாது. அதே இடைவெளி வழியாக எலியும் வரும் என்பது வேறு விஷயம். ஓவனைச் சுற்றியுள்ள கண்ணாடிப் பஞ்சு அதற்கு மெத்தென்ற படுக்கை. போதாததற்கு ஒயரையும் கடிக்கும். வருஷம் ஒரு முறை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு வெளியே இழுத்துப் பார்ப்பது நல்லது.

இனி, சுத்தம். தேய்க்கிற விஷயத்தில் நாம் வீரப் பெண்மணிகள். கம்பிப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்கிற ஆவேசத்தோடு ஓவன் மேல் பாய்ந்துவிடுவோம். தயவு செய்து வேண்டாம். உள்ளே இருப்பது எனாமல். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் துரு பிடிக்கும். கதவுக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் அது இன்னும் மோசம். என்றாவது ஒரு நாள் சூட்டில் அந்தக் கீறலிலிருந்தே தெறித்துவிடலாம். உதவிக்கு வருகிற அம்மாளிடமும் இதை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அவர் பாவம், பளபளவென்று ஆக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் தேய்ப்பார்.

உபயோகித்த அன்றே, வெதுவெதுப்பாக இருக்கும்போது ஈரத் துணியால் துடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிந்திய நெய்யும் சர்க்கரைப் பாகும் மறுமுறை சூடேறும்போதுதான் கல்லாக இறுகுகின்றன. இறுகிவிட்டால், சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, தோசை மாவு பதத்துக்குக் கறை மேல் பூசி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் மரக் கரண்டியால் நெம்பினால் பெயர்ந்து வரும். பிறகு ஈரத் துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள். மிஞ்சி நிற்கும் வெள்ளைப் படலத்துக்குக் கடைசியில் கொஞ்சம் வினிகர். சோடாவையும் வினிகரையும் முதலிலேயே கலந்து நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்கிறவர்கள் உண்டு. பார்க்க வேடிக்கைதான், ஆனால் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு, இரண்டுக்கும் வலுவில்லாமல் போய்விடுகிறது. சூட்டுக் கம்பி, விசிறி, கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் மூன்றிலும் எதையும் பூசாதீர்கள். வளையத்தை மெல்லத் துடைத்தால் போதும். அது கிழிந்தால் சூடு கசிந்து, பக்கத்து மர அலமாரி கறுக்கத் தொடங்கும்.

கடைகளில் விற்கும் ஓவன் ஸ்ப்ரேக்கள் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கிறது. அவசியமென்றால் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு உபயோகியுங்கள். அலுமினியத் தட்டிலும், சில ஓவன்களின் பக்கச் சுவரில் சொரசொரப்பாகச் சாம்பல் நிறத்தில் இருக்கிற பலகைகளிலும் அது படக் கூடாது. அந்தப் பலகைகளுக்கு நாம் ஒன்றுமே செய்ய வேண்டாம். சூட்டில் கொழுப்பைத் தானே எரித்துக்கொள்ளும். இன்னும் ஒரு படி மேலே போய், தன்னையே முழுவதும் சுத்தம் செய்துகொள்ளும் ஓவனை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1963-ஆம் வருஷம் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு 450 டிகிரிக்கு மேல் சூடேறி, அழுக்கையெல்லாம் ஒரு பிடி சாம்பலாக்கிவிடும். உங்களுடையது அந்த வகையா என்று அதன் கையேட்டில் பாருங்கள். ஆம் என்றால், முதலில் வலை, தட்டு எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும்.

அடியில் கறை படாமலிருக்க அலுமினியத் தாள் விரிக்கும் யோசனை எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்தது. அடிச் சூட்டை அது தடுத்துவிடும். எனாமலோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கவே முடியாது. உள்ளே எரிகிற விளக்கு போய்விட்டால் வீட்டில் கிடக்கும் எல்.இ.டி. பல்பை மாட்டிவிடாதீர்கள், உருகிவிடும். 300 டிகிரி தாங்கும் ஓவன் பல்பு என்றே கேட்டு வாங்குங்கள். சூடான தட்டை ஈரத் துணியால் எடுக்கவும் கூடாது. துணியிலுள்ள தண்ணீர் நொடியில் ஆவியாகிக் கையைச் சுட்டுவிடும். காய்ந்த, கனமான கையுறை வேண்டும். மேடைக்குக் கீழே பதித்த ஓவனானால் கதவு குழந்தையின் முக உயரத்தில் இருக்கும். வெளிக் கண்ணாடியும் சுடும் என்பதை மறக்காதீர்கள். குழந்தைப் பூட்டு இருந்தால் உபயோகியுங்கள்.

அந்த விளக்குக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. பெங்களூரிலும் ஊட்டியிலும் இருக்கிற சகோதரிகள், குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்கவில்லை, தயிர் தோயவில்லை என்று எழுதுகிறீர்களே! ஓவனை மூட்டாமல் விளக்கை மட்டும் போட்டுப் பாத்திரத்தை இரவு உள்ளே வைத்துவிடுங்கள். மஞ்சள் ஒளி தருகிற பழைய மாதிரி பல்பானால் அந்தச் சின்ன வெப்பமே போதும். ஆனால் பொத்தானின் மேல் 'உள்ளே மாவு இருக்கிறது' என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டுத் தூங்குங்கள்.

எங்கள் வீட்டு அப்பளக் கட்டு இப்போது மேல் பரணில் தகர டப்பாவில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மாமியாரே முன்வந்து, "கொத்சுக்குக் கத்தரிக்காய் அதிலே சுட்டுத் தாயேன் பார்ப்போம்" என்றார். திறந்து பார்த்து, காலியாக இருக்கிறது என்று இருவரும் உறுதி செய்துகொண்டோம். பெரிய கத்தரிக்காய் இரண்டில் முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி (குத்தாவிட்டால் வெடிக்கும்), எண்ணெய் தடவி, 220 டிகிரியில் நாற்பது நிமிஷம் வைத்தேன். வெண்ணெய் மாதிரி வெந்திருந்தது. தோலும் அழகாக உரிந்தது. மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, அந்தச் சுட்ட வாசனைதான் இல்லை" என்றார்.

வாஸ்தவம்தான். அடுத்த தடவை, வெந்த காயைக் கடைசியில் இரண்டு நிமிஷம் காஸ் தணலில் காட்டி எடுப்பதாக உத்தேசம்.